வாட்டர் சர்வீஸும் அண்ணன் கிணறும்

கார் கழுவும் தொழில் தொடங்கலாம் என்று இருப்பவர்கள் இப்போதும் என்னைத் தேடி வருகிறார்கள். ரோட்டோரம் 'வாட்டர் சர்வீஸ்' என்ற பலகை இன்னும் கழற்றப்படாமல் தொங்குவதுதான் காரணம். என்ன மிஷின் வாங்கலாம், எந்த மாதிரி போடலாம் என்று கேட்பார்கள். எனக்குச் சுர்ரென்று வரும். தொழிலில் மண்ணைக் கவ்வியவனிடம் வந்து தொழில் கேட்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் கிரகம் சரியில்லையா என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை. தெரிந்ததைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. அப்பா போன பிறகு பாகம் பிரித்ததில் ரோட்டை ஒட்டிய பாதி எனக்கு, உள்ளே தள்ளியிருந்த பாதி அண்ணனுக்கு. ரோட்டடி நிலம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் பாகத்தில் பழைய கிணறு ஒன்று இருந்தது. எங்கள் சுற்றுவட்டாரம் முழுக்கச் சப்பைத் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும், சோப்புப் போட்டால் நுரைக்காது. அண்ணன் கிணறு ஒன்றில்தான் நல்ல தண்ணீர். அவருடைய தென்னை, அவருடைய மாடுகள், பால் ஊற்றிப் பிழைக்கிற பிழைப்பு எல்லாம் அந்தக் கிணற்றை நம்பித்தான். நாங்களும் குடிக்க மட்டும் அங்கேயே மொண்டு வந்தோம். என் பாகத்தில் நான் போட்ட ஆழ்குழாய்ப் போரில் சப்பைதான் வந்தது.

அதை நான் வெளியே சொன்னதில்லை. எங்கள் பக்கம் யாரும் சொல்லமாட்டோம். மாடு வாங்க வந்தவரானாலும், சம்பந்தம் பேச வந்தவரானாலும், சொம்பைக் கையில் வாங்கும்போதே "தண்ணி எப்படிங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சப்பைத் தண்ணீர்க் காட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். பருப்பு வேகாது, பிள்ளைக்கு முடி கொட்டும் என்பார்கள். அதனால் "இளநி மாதிரிங்க" என்ற பதில் எங்கள் வாயில் தானாக வரும். என் கல்யாணப் பேச்சிலும் அதைத்தான் சொன்னேன். வந்தவளுக்கு ஒரே வாரத்தில் விஷயம் தெரிந்துபோனது. அவளும் தன் அம்மா வீட்டில் இளநீர் மாதிரி என்றே சொல்லிக்கொண்டாள். அண்ணன் ஒருவருக்குத்தான் அந்தப் பொய் தேவைப்பட்டதில்லை.

தொழிலுக்காகக் கோயம்புத்தூரில் ஒரு மாதம் அலைந்தேன். பக்கெட்டும் ஓஸும் வைத்துக் கையால் தேய்க்கிற இடங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தேன். பிரஷர் பம்பு வைத்து, நுரையைத் தெளித்து ஊறவிட்டு, மறுபடி அடித்துத் துடைக்கிற இடங்கள் பிடித்திருந்தன. சிலர் காரை லிஃப்டில் தூக்கி அடிப்பாகத்துச் சேற்றையும் எடுத்தார்கள். ஆவியில் கழுவ ஒரு பாய்லர் இருந்தது. அதற்கு நாலு குடம் தண்ணீரே தாராளம், ஆனால் அப்பிய சேறு அதில் போகாது. ஓரிடத்தில் கார் ஒரு பக்கம் நுழைந்து, சுழலும் பெரிய பிரஷ்களுக்கு நடுவே ஊர்ந்து, மறுபக்கம் குளித்துவிட்டு வந்தது. அதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். மிஷின் விற்பவரே என்னைத் தடுத்தார். நாள் முழுக்க வண்டி வரிசையில் நின்றால்தான் அது கட்டுப்படியாகும், உங்கள் ரோட்டுக்கு ஆகாது என்றார். கடைசியில் லிஃப்ட், பிரஷர் பம்பு, நுரை டேங்க், கம்ப்ரசர், வேக்கூம் என்று முடிவாயிற்று.

நல்ல மனிதர் அவர். பில் போடும் முன்னால், போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வரச் சொன்னார். சப்பையாக இருந்தால் பம்பு கெடும், நாசில் அடைக்கும், கார் மேல் வெள்ளை படியும், அந்தச் சப்பையை எடுக்கத் தனியாகச் சாஃப்ட்னர் வைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு கேட்டார்.

"உங்க தண்ணி எப்படிங்க?"

"இளநி மாதிரிங்க."

அவர் என்ன, எனக்குப் பெண் கொடுக்கவா வந்தார்? பம்பு விற்கிறவர். டாக்டரிடம் போய் வயிற்று வலியை மறைத்த கதைதான். ஆனாலும் வாய் அதைத்தான் சொன்னது. அதோடு நிற்காமல், எங்களுக்கு எதற்குச் சாஃப்ட்னர் என்று கொஞ்சம் கோபமும் பட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பில் போட்டுவிட்டார்.

ஐப்பசியில் பூஜை போட்டுத் திறந்தோம். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தது பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் கறுப்புக் கார். நுரை டேங்கைத் திறந்தால் நுரை வரவில்லை, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒழுகியது. எப்படியோ கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்தினேன். காய்ந்ததும் பானெட் முழுக்க வெள்ளைப் புள்ளி. அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. "ஏனுங்க, கழுவச் சொன்னா புள்ளி வெச்சிருக்கீங்க. கோலத்தையும் போட்டு முடிச்சுக் குடுங்க" என்றார். நின்றிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. இரண்டு மாதத்துக்குள் நாசில் நாலு தடவை அடைத்தது, பம்பின் வால்வு சுண்ணாம்பு பிடித்து இறுகிப்போனது. இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாதென்று எனக்கே தெரியும், கார் மட்டும் வெளுக்கும் என்று நினைத்தீர்களா என்று வீட்டுக்காரி கேட்டாள். அவளிடம் எரிந்து விழுந்தேன்.

வேறு வழியில்லாமல் அண்ணனிடம் போனேன். கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் முழுக்கச் சொல்லும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டார். இரண்டு தொட்டி போதும் என்றேன்.

"எடுத்துக்க தம்பி. தை வரைக்கும் எடுத்துக்க. மாசி பொறந்தா நிறுத்திப்போடோணும். மரத்துக்குப் பத்தாது."

"கண்டிப்பா நிறுத்திப்போடறேனுங்ண்ணா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். இப்போது அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கிணற்றுத் தண்ணீர் வந்ததும் தொழில் மாறிவிட்டது. நுரை பொங்கி வழிந்தது. கார்கள் கண்ணாடியாகப் போயின. அதோடு விட்டேனா? வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை கூடும் நாளில் மாடு இறக்கிய லாரிகள் கழுவ வரும். காய்ந்த சாணி பலகை இடுக்கில் இறுகிக் கிடக்கும். ஒரு லாரி முடிப்பதற்குள் ஐந்து கார் கழுவுகிற தண்ணீர் ஓடிவிடும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு தொட்டி என்று சொன்னது நாளுக்குப் பத்துத் தொட்டியானது. மாசி பிறந்தது. கல்யாண வண்டிகள் வந்துகொண்டிருந்தன, இந்த வாரம் முடியட்டும் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன், அதுவும் எனக்கு நானே. அண்ணன் கேட்கவே இல்லை. தம்பியிடம் போய் மோட்டாரை நிறுத்து என்று கேட்டால் சண்டை என்று ஊர் சொல்லும், அவனாக நிறுத்தட்டும் என்று காத்திருந்தார். தினமும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தண்ணீர் அடிக்கிற பிரஷர் கன்னைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

பங்குனியில் தண்ணீர் அடிப்பாறைக்குப் போனது. அண்ணனின் தென்னை மட்டைகள் தொங்க ஆரம்பித்தன. எனக்குப் பயம் வந்தது. நிறுத்தியிருக்கலாம். அதை விட்டுவிட்டுப் புத்திசாலித்தனம் பண்ணினேன். கிணற்றுக்குள் மிஷினை இறக்கிப் பாறையில் பக்கவாட்டாகத் துளை போடுகிற சைடு போர் போட்டால் ஊற்று வரும், இரண்டு பேருக்கும் பஞ்சமிருக்காது என்று அண்ணனிடம் போய் நின்றேன்.

"கெணத்த நோண்டாத தம்பி. இருக்கறத வெச்சுப் பொழைச்சுக்கலாம்."

நான் விடவில்லை. உங்கள் மரத்துக்காகத்தான் சொல்கிறேன் என்று மூன்று நாள் பின்னாலேயே நடந்தேன். மூன்றாம் நாள் அவர் பதில் சொல்லாமல் இருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. மறுநாளே மிஷின்காரர்களைக் கூட்டிவந்தேன். மேற்குப் பக்கம், என் போர் இருக்கும் திசையில் போடச் சொன்னதும் நான்தான். நூறடி போனதும் ஊற்று பீறிட்டது. மிஷின்காரர்கள் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் நாலு படி ஏறியிருந்தது. அண்ணி முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அண்ணன் தொட்டியில் தண்ணீர் இறைத்து மாட்டை அவிழ்த்துவிட்டார். மாடு மூக்கை வைத்து மோந்தது, ஒரு வாய் வைத்தது, தலையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் நின்றது. இன்னொன்றை விட்டார். அதுவும் அப்படியே செய்தது. மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அண்ணன் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். துப்புவார் என்று பார்த்தேன். விழுங்கினார்.

"ஊத்து வந்துருச்சில்ல. போ, ரோட்டுல வண்டி நிக்குது பாரு."

அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் இன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பேன். என் போரில் ஓடிய அதே சப்பை ஊற்று, பாறைக்குள் நான் போட்ட வழியில் நடந்து அண்ணன் கிணற்றுக்குள் வந்துவிட்டது. துளையைச் சிமெண்டு வைத்து அடைத்தோம். கிணற்றை மூன்று தடவை இறைத்துக் காயவிட்டோம். ஒவ்வொரு தடவையும் திரும்ப ஊறியது சப்பைதான். ஒரு மழைக்காலம் முழுக்கக் கொட்டியும் மாறவில்லை. கிணறு இன்றைக்கும் நிறைந்துதான் கிடக்கிறது, அதில் ஒரு டம்ளர் யாருக்கும் ஆகாது.

தென்னையில் குரும்பை கொட்டியது. வந்த காயும் கைக்குள் அடங்கும் அளவுதான். மாடுகளை அண்ணன் ஒவ்வொன்றாக வேலந்தாவளம் சந்தைக்கு அனுப்பினார். கடைசி இரண்டை ஏற்ற வந்த லாரியை முந்தின வாரம் நான்தான் அந்தச் சப்பைத் தண்ணீரிலேயே கழுவிக் கொடுத்திருந்தேன், பலகை பளிச்சென்று இருந்தது. அன்றோடு தொழிலை நிறுத்தினேன். நிறுத்தி என்ன, நிறுத்த வேண்டிய மாசி போய்விட்டதே.

போன மாதம் குமுளியிலிருந்து ஒருவர் வந்தார். ஏலக்காய்த் தோட்டத்தில் டிரைவராக இருந்தவர், சொந்தமாக வாட்டர் சர்வீஸ் போடப் போகிறாராம். என் மிஷின்களைச் செகண்ட் ஹேண்ட் விலைக்குக் கேட்டார். மலை ஜீப்புக்கு அடிச்சேறுதான் பிரச்சனை, லிஃப்டும் பிரஷர் பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள், நுரை டேங்க் அப்புறம் பார்க்கலாம், கழுவிய எண்ணெய்த் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் முதலிலேயே தொட்டி கட்டிவிடுங்கள் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தண்ணீரைச் சோதிக்காமல் எதையும் தொடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். ஏன் மூடினீர்கள் என்று கேட்டார். வண்டி வரத்து இல்லை என்றேன்.

மிஷினை ஏற்ற ஒரு கை பிடிக்க அண்ணனும் வந்திருந்தார். குமுளிக்காரர் வியர்த்துப்போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அண்ணன் தன் வீட்டுக்குப் போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தார். அந்த வீட்டில் இப்போது வந்தவர்களுக்குக் கொடுக்கவென்று கடைக் கேன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள், அண்ணனும் அண்ணியும் அதைத் தொடுவதில்லை, கிணற்றுச் சப்பையைத்தான் குடிக்கிறார்கள். குமுளிக்காரர் சொம்பை வாங்கினார். தண்ணீரைப் பற்றி நான் அத்தனை அழுத்திச் சொன்னதாலோ என்னவோ, குடிக்கும் முன் கேட்டார்.

"ஏண்ணே, இந்தப் பக்கம் தண்ணி எப்படிண்ணே?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"இளநி மாதிரிங்க."

குமுளிக்காரர் அண்ணாந்து குடித்துவிட்டு, நிஜம்தான், நல்ல தண்ணி என்றார். அண்ணன் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் போய் லிஃப்டின் மறுபக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன்.