ஒரு வாய் தயிர்

என் மூத்த மகள் செல்வி எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். கடலூரில் ஒரு கல்லூரி வைக்கும் தேர்வு ஓட்டத்தில் ஜெயித்தால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம் என்றார் விளையாட்டு டீச்சர். அந்த ஆசையில் ஆணி வைத்த ஷூவுக்கும், தினம் முட்டைக்கும், பயிற்சிக்குப் போய்வரும் பஸ்ஸுக்குமாக எங்கள் கறவைப் பசுவை விற்றோம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டம். திங்கட்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் டீச்சர் எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்கே வந்துவிட்டார். "நாளைக்கு ரோட்ட மறிக்கப் போறாங்களாம்மா. இப்பவே பஸ் ஏறிடுங்க."

என் வீட்டுக்காரர் அசையவில்லை. "திங்கக்கெயம கெயக்க சூலம். பரிகாரத்துக்கு ஒரு வாய் தயிராவது சாப்ட்டுட்டு கெளம்பணும். வூட்ல இருக்குதா?"

பசு இருந்தவரை தயிருக்குப் பஞ்சமில்லை. நாலு வீட்டில் கேட்டேன். விளக்கு வைத்த பிறகு தயிர் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று ஒருவரும் தரவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், நானும் கொடுத்திருக்கமாட்டேன். விடியற்காலையில் போகலாம் என்று படுத்துவிட்டோம்.

விடிந்தபோது சாலை நெடுகப் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. ஷூப் பையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள் செல்வி. "வூட்டுக்குப் போலாம்மா" என்று அவளேதான் எழுந்தாள். கடலூரிலேயே இருந்த பிள்ளைகள் ஓடினார்கள், இடம் நிரம்பிவிட்டது.

இப்போது நான் சூலம் பார்ப்பதில்லை. செல்வியை அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்துவிட்டோம். அங்கே எந்தக் கிழமையிலும் போகலாம்.