தோலுக்கு லீவு கிடையாது

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் டேனரிக்கு முதலில் எண்ணெய் இஞ்சின் கொண்டுவந்தவன் நான்தான் என்று சொன்னால் என் மச்சான் இன்றுவரை ஒத்துக்கொள்ள மாட்டார். வேறு யாரோ முன்பே வைத்திருந்தாராம். இருக்கட்டும். பாலாற்றங்கரையில் எங்கள் வரிசை டேனரிகளில் நான்தான் முதல். அதை அவரால் மறுக்க முடியாது, ஏனென்றால் அவருடைய டேனரி என் மதிலுக்கு அடுத்த மதில்.

அது பட்டை அரைக்கிற இஞ்சின். ஆவாரம்பட்டையைப் பொடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றில்தான் நாங்கள் தோலைப் பதப்படுத்துவோம். அதுவரை பெண்கள் உலக்கை போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் வந்தபிறகு அவர்கள் பட்டையைக் காயவைக்கிற வேலைக்கும் சலிக்கிற வேலைக்கும் மாறினார்கள். நான் டுபுடுபு என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே டேனரியை நாளைக்கு நாலு சுற்று வருவேன். தலைகால் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் சர்க்கார் கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டு வேலூருக்கு ரயிலேறினேன். லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வக்கீல் இருந்தார். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, நான் ஃபாக்டரிக்காரன் ஆகிவிட்டேன் என்று வாழ்த்துச் சொன்னார். இருபது ஆட்களும் இஞ்சினும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அது ஃபாக்டரியாம். ஃபாக்டரி என்றால் அதற்குச் சட்டம் உண்டாம். இஞ்சின் பெல்ட்டைச் சுற்றி வேலி போடவேண்டும். நடுப்பகலில் ஒரு மணி நேரம் ஓய்வு விடவேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குமேல் பெண்கள் டேனரியில் இருக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாரத்துக்கு ஒரு முழுநாள் லீவு. ஞாயிற்றுக்கிழமை கொடுக்கலாம், அல்லது அதற்கு முந்தின மூன்று நாளிலோ பிந்தின மூன்று நாளிலோ ஒரு நாளைக் கொடுத்து, அதை வாசலில் எழுதி வைத்து, இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கவேண்டும்.

முடி கழலுவதற்காகச் சுண்ணாம்புத் தொட்டியில் கிடக்கிற தோலைத் தினமும் ஒருதரம் வெளியே இழுத்துப் போட்டு மறுபடி அமுக்கவேண்டும். பட்டைத் தொட்டியில் கிடப்பதைப் பகலில் பலதரம் புரட்டவேண்டும். தோலுக்கு யார் லீவு கொடுப்பார்கள் என்று வக்கீலிடம் கத்தினேன். பக்கத்து அறையில் இருந்த குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

“சட்டம் லீவு குடுக்கறது ஆளுக்கு, தோலுக்கு இல்ல. அத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க” என்றார் வக்கீல்.

நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. காதில் வாங்கியதோடு சரி. லாங் பஜாரிலேயே ஒரு பெயிண்டரைப் பிடித்து, தமிழிலும் இங்கிலீஷிலும் பலகை எழுதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். ‘வெள்ளிக்கிழமை விடுமுறை’ என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

நான் பொய் எழுதவில்லை என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். என் வாப்பா காலத்திலிருந்தே எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவுதான். லீவு என்றால், பட்டைத் தொட்டி ஆட்கள் குளித்துவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போவார்கள், வீட்டில் சாப்பிடுவார்கள், மூன்று மணிக்குத் திரும்பி வந்து பொழுது சாயும்வரை வேலை பார்ப்பார்கள். சுண்ணாம்புத் தொட்டி ஆட்கள் எட்டுப் பேரும் கிறிஸ்தவர்கள் என்பதால் அவர்களுக்கு அதுவும் கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை மட்டும் எல்லாருக்குமே முழுநாள் ஓய்வு. வரிசையில் இருந்த அத்தனை டேனரியிலும் இதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமை லீவு என்றால் இதைத் தவிர வேறு அர்த்தம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஜட்காவில் வந்து இறங்கினார். தமிழர்தான், மதராஸ்காரர். வாசலில் நின்று பலகையைத் தமிழில் ஒருதரம் படித்தார், இங்கிலீஷில் ஒருதரம் படித்தார். பிறகு உள்ளே பார்த்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தொட்டி வரிசையிலும் ஆட்கள் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றார்கள்.

“இன்று என்ன கிழமை?” என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமை” என்றேன்.

“பலகையிலும் அதுதான் இருக்கிறது” என்றார்.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. தொழுகைக்கு விட்டோமே என்று நியாயம் பேசினேன். அவர் கோபப்படவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். முழுநாள் என்றால் காலையிலிருந்து இரவுவரை என்று எனக்கு விளக்கினார். பிறகொரு நாள் வருவேன், அப்போதும் இப்படியே இருந்தால் கோர்ட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறிப் போய்விட்டார். என் ஆட்கள் முன்னால் என் பலகையை வைத்தே என்னை மடக்கிவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, முழுநாள்தானே, பார்த்துவிடலாம் என்று அடுத்த வெள்ளிக்கிழமை டேனரியை அப்படியே பூட்டிவிட்டேன். அது பங்குனி மாதம், வெயில் மண்டையைப் பிளந்தது. அதற்கடுத்த வெள்ளியும் பூட்டினேன். இரண்டே பூட்டில் என் கதை முடிந்துவிடும்போல் ஆகிவிட்டது. இழுத்துப் போடாத தோல் சுண்ணாம்பில் வெந்து, மேல்பக்கம் அம்மைத்தழும்பு மாதிரி குழி விழுந்துவிட்டது. பட்டை ஏற்றி எண்ணெய் பூசியபிறகும் அது மறையவில்லை.

எங்கள் டேனரியின் முத்திரை ஒரு கூஜா. வாப்பா தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு தோலின் ஓரத்திலும் அந்தக் கூஜாவைக் குத்தித்தான் மதராஸ் பெரியமேட்டுக்கு அனுப்புவோம். அங்கிருந்து கப்பலில் லண்டன் போகும். கூஜா என்றால் பிரித்துப் பார்க்காமலே முதல் தரத்தில் அடுக்குவார்கள். குழி விழுந்த அந்த லாட்டைப் பெரியமேட்டு மண்டிக்காரர் இரண்டாம் தரத்தில் அடுக்கிவிட்டு, கூஜாவுக்கு இது அழகில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார். வாப்பா மௌத்தான நாளுக்குப் பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்.

மச்சான் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் என் வீட்டம்மாவின் அண்ணன். அவர் டேனரியில் இஞ்சின் இல்லை, ஆகையால் சட்டமும் இல்லை.

“எதுக்கு மச்சான் இந்த பேஜாரு? இஞ்சின தள்ளி உட்டுடு. உலக்கையே போதும். குடியாத்தத்துல ரைஸ் மில்லுக்காரரு ஒருத்தர் கேக்கறாரு, நான் பேசி முடிக்கறேன்” என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அடுத்த லாட்டுக்குப் பெரியமேட்டில் என்ன தரம் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதிலும் கூஜா இரண்டாம் தரத்தில் விழுந்தால் இஞ்சின் குடியாத்தம் போகும். அப்படித்தான் பேச்சு.

மறுநாள் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி என்னிடம் வந்தார். என் வயதுதான் அவருக்கும். மிஷன் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர், அதிகம் பேசாதவர்.

“சாயபு, எங்களுக்கு ஞாயித்துக்கெழம குடுங்க. எட்டுப் பேரும் கோயிலுக்குப் போறவங்க. பட்டத் தொட்டி ஆளுங்களுக்கு வெள்ளிக்கெழம குடுங்க. வெள்ளிக்கெழம அவங்க வேலைய நாங்க பாக்கறோம், ஞாயித்துக்கெழம எங்க வேலைய அவங்க பாக்கட்டும். தொட்டி ஒரு நாளும் சும்மா கெடக்காது.”

வக்கீல் சொன்னது அப்போதுதான் எனக்கு மண்டையில் இறங்கியது. ஆளுக்குத்தான் லீவு. தொட்டிக்கு எதற்கு? டேனரியைப் பூட்டச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை, நானாகத்தான் பூட்டிக்கொண்டேன்.

ஆனால் அவர் சொன்னது லேசான காரியமில்லை. சுண்ணாம்புத் தொட்டி ஆள் பட்டைத் தொட்டியில் கை வைக்க மாட்டான், பட்டைத் தொட்டி ஆள் சுண்ணாம்புப் பக்கம் காலே வைக்க மாட்டான். குடிக்கிற தண்ணீருக்கு அவர்களுக்கு ஒரு குடம், இவர்களுக்கு ஒரு குடம். வாப்பா காலத்திலும் அப்படித்தான், அவருக்கு முந்தியும் அப்படித்தான். இதைச் சரி என்று நான் நினைத்தேனா என்று கேட்டால், அதைப்பற்றி நினைத்ததே இல்லை என்பதுதான் உண்மை. பட்டைத் தொட்டி ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கத்தினேன். இன்னும் நன்றாகத் தரையைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுண்ணாம்பு ஆட்கள் எட்டுப் பேரும் வெள்ளை வேட்டியில் கோயிலுக்குப் போய்விட்டார்கள். பட்டைத் தொட்டி ஆட்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணுக்குள் மறுபடி அந்த அம்மைத்தழும்பு தெரிந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கைலியை மடித்துக் கட்டினேன். கொக்கியை எடுத்து முதல் தொட்டியில் விட்டு ஒரு மாட்டுத்தோலை இழுத்தேன்.

இருபது வருஷம் தோல் வியாபாரம் செய்தவனுக்கு ஈரத்தோல் என்ன கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி வந்தது, வழுக்கியது, நான் அதோடு சேர்ந்து தொட்டிக்குள் போனேன். சுண்ணாம்புத் தண்ணீர் மார்புவரை. எவனோ சிரித்தான். யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு பட்டைத் தொட்டி ஆள் ஒருவரின் கை வந்து என்னைத் தூக்கியது. அதே ஆள் கீழே இருந்த கொக்கியை எடுத்துக்கொண்டு தோலின் மறுமுனையைப் பிடித்தார். இன்னொருவர் வந்தார். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் எல்லாத் தொட்டியும் இழுத்து அமுக்கியாகிவிட்டது. பட்டைத் தொட்டி மேஸ்திரிதான் கடைசியாக வந்தார், ஆனால் வந்தார். என் உள்ளங்கை இரண்டும் எரிந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு நான் ராஜாமாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு ஆட்கள் பட்டைத் தொட்டியில் இறங்கினார்கள். மூன்றாவது வாரம் அவர்களுடைய குடம் உடைந்தது. புதுக் குடம் வாங்கித் தரச்சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் வாங்கவில்லை.

பலகையை மாற்றி எழுதினேன். வெள்ளிக்கிழமை யார் யார், ஞாயிற்றுக்கிழமை யார் யார் என்று பேர் பேராகச் சாக்பீஸில் இரண்டு பட்டியல். இன்ஸ்பெக்டருக்கும் எழுதிப் போட்டேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் அப்போது சுண்ணாம்புத் தொட்டியில் நின்றுகொண்டிருந்தேன். பழகிவிட்டது, விட மனசில்லை. அவர் ஒவ்வோர் ஆளாகப் பேர் கேட்டு, நான் அனுப்பிய பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார்.

“உங்கள் பேர் இரண்டிலும் இல்லையே?”

நான் முதலாளி என்றேன். மேற்பார்வை பார்க்கிறவருக்குச் சட்டம் பொருந்தாது, தோல் இழுக்கிறவருக்குப் பொருந்தும், நீங்கள் இதில் யார் என்று கேட்டார். நான் கையிலிருந்த கொக்கியைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் என்னை வாசல் பலகைக்கு அழைத்துப்போய்ச் சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார். என் கையாலேயே என் பேரை வெள்ளிக்கிழமைப் பட்டியலின் அடியில் எழுதினேன். வாப்பா போனதிலிருந்து நான் ஒரு வெள்ளிக்கிழமைகூட முழுசாக வீட்டில் இருந்ததில்லை என்பது எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் ஐந்தாறு வெள்ளிக்கிழமை போனது. ஒரு வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து மச்சான் என்னோடு வீட்டுக்கு வந்தார். ரைஸ் மில்லுக்காரர் அவசரப்படுகிறார், இன்றைக்குப் பதில் சொல்லிவிடு என்றார். முதலில் சாப்பிடலாம் என்றேன். ஒரே சஹன் தட்டில் பிரியாணியைப் போட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு வாய்கூட ஆகவில்லை, வாசலில் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி குரல் கேட்டது. வெள்ளிக்கிழமை அவருக்கு வேலைநாள். தபால்காரர் டேனரியில் கொடுத்த கடிதத்தைக் கொண்டுவந்திருந்தார். பெரியமேட்டுக் கடிதம்.

என் கூஜாவும் இஞ்சினும் அந்த உறைக்குள் இருந்தன.

“கை எச்சிலா இருக்கு. உள்ள வந்து நீங்களே பிரிச்சிப் படிங்க” என்றேன்.

அவர் உள்ளே வந்தார். உறையைக் கிழித்தார். நிதானமாக, எழுத்துக்கூட்டுகிறவர்போல் அல்ல, பள்ளியில் பாடம் ஒப்பிக்கிறவர்போல் நிமிர்ந்து நின்று படித்தார். தோல் அனைத்தும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. கூஜா முத்திரையை முதல் தரத்தில் அடுக்கியிருக்கிறோம். இனி இதே தரத்தில் அனுப்பவும்.

கடைசி வரியை அவர் இரண்டாவது முறையும் படித்தார். யாரும் கேட்கவில்லை, அவராகப் படித்தார். நான் எழுந்து எச்சில் கையோடு அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் தோளில் நெய் ஒட்டிவிட்டது. அவர் துடைக்கவில்லை.

திரும்பி உட்கார்ந்தேன். மச்சானின் கை சஹனில் அப்படியே நின்றிருந்தது. அவர் மேஸ்திரியைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பிறகு ரைஸ் மில்லுக்காரரை அடியோடு மறந்துவிட்ட குரலில் கேட்டார்.

“இந்த இஞ்சின் எங்க வாங்கின மச்சான்? அந்த பலகைய எழுதினவரு யாரு?”

நான் நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினேன்.

“நாளைக்கி டேனரிக்கு வாங்க, சொல்றேன். இன்னிக்கி எனக்கு லீவு.”