சம்பளத்துல கேப்பு

திருக்கழுக்குன்றம் கொளத்துல சங்கு பொறந்துச்சே, ஜனம் மொத்தமும் படிக்கட்டுல நின்னுகினு கன்னத்துல போட்டுகிச்சே, அதுக்கு அடுத்த வருசம் வைகாசி. நான் கேளம்பாக்கத்துல ஷேர் ஆட்டோ ஓட்டிகினு இருந்தேன். இப்ப வண்டி இல்ல, முட்டி மடங்க மாட்டேங்குது.

கடைசிப் பையன் போன் பண்ணான். வெளி மாநிலத்துல ஒரு கிளப்புக்கு புட்பால் ஆடறான், சம்பளத்துக்கு. பின்னாடி நின்னு தடுக்கற ஆளு. சதுரங்கப்பட்டினம் கோட்டையாண்ட மணல்ல ஆடினவன். செருப்ப கழட்டி கோல் போஸ்ட்டா வெப்பான், அப்டியே மறந்துட்டு வருவான். எத்தினி ஜோடி வாங்கிக் குடுத்திருப்பேன்! சரி, அத்த உடு.

"நைனா, சம்பளத்துக்கு கேப் போட்டுட்டாங்க. என் கான்ட்ராக்ட்ட மாத்தி எழுதறாங்க"ன்னான். பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சான், வெச்சிட்டேன்.

எனுக்கு தெரிஞ்ச கேப்பு ஒண்ணுதான். ரெண்டு பஸ்ஸுக்கு நடுல கேப் கீது, பூந்து போ. சம்பளத்துல கேப்புன்னா? நடுல கொஞ்ச நாளு டப்பு வராது. வேற இன்னான்னு நெனைப்பேன்?

அப்போ அவனுக்கு பொண்ணு பேசி வெச்சிருந்தோம். பொண்ணோட அப்பா கல்பாக்கத்துல ஆபீசு வேலை. மாசம் பொறந்தா சம்பளம் வந்து நிக்கணும் அவருக்கு. டீக்கடைல பாத்தாரு.

"என்ன சம்மந்தி, மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"நல்லாத்தான் கீறான். சம்பளத்துலதான் கேப்பு வுழுந்துட்ச்சாம்."

பாதி டீய அப்டியே வெச்சிட்டாரு. "ஆடி கழியட்டும் சம்மந்தி, பேசிக்கலாம்"னு போயிட்டாரு. ஆடி போச்சு, ஆவணி போச்சு. போன் எடுக்கல. வூட்டாண்ட போனா, வெளிய போயிருக்காருன்றாங்க, செருப்பு வாசல்ல கீது.

பையன் லீவுல வந்தான். சொன்னேன். தலைல அடிச்சிகினான்.

"நைனா, உன் வண்டில இத்தினி பேருதான் ஏத்தணும்னு போலீஸ் சொல்வானே, அதுதான் கேப். எல்லா ஆட்டக்காரன் சம்பளமும் சேந்து இதுக்கு மேல போவக் கூடாதுன்னு லீக்ல சொல்லிட்டாங்க."

"நான் என்னிக்கிடா அதுக்கு அடங்கி ஏத்தினேன்?"

"எங்க கிளப்பும் உன்ன மாரிதான். ஏத்திட்டாங்க, இப்ப மாட்டிகினாங்க."

"அப்ப உன்ன எறங்க சொல்றாங்களா?"

"இல்ல. கொஞ்சம் நவுந்து குந்து, மிச்சத்த அடுத்த ட்ரிப்புல தரேன்றாங்க. இந்த வருசம் கொறைச்சி வாங்கணும், கொறைச்சத ரெண்டு வருசம் கூட ஆடி வாங்கிக்கணும். கையெழுத்து போட்டுட்டேன்."

"அடுத்த ட்ரிப்பு வண்டி வருமா?"

அவன் கால நீட்டி முட்டிய தடவிகினு இருந்தான். நான் பாத்துகினே இருந்தேன். அந்தப் பொண்ணு இன்னும் இவனுக்கு மெசேஜ் பண்ணுதாம், "அப்பா மூஞ்சே குடுக்க மாட்டேங்குறார்"னு.

அதுலேந்து ஒரே பேஜாரு. ஒரு எடத்துல குந்த முடியல. பஸ் ஸ்டாண்டுக்கு போறேன், வரேன், மறுக்கா போறேன்.

நீ தெனம் சம்மந்தி கூடத்தானே ஒரே ஆபீஸ் பஸ்ஸுல போற? பக்கத்துல குந்தி சொல்லு. அந்த ஆட்டோக்காரக் கெழவன் சொன்ன கேப்பு வேற, இந்தக் கேப்பு வேற. சம்பளம் கொறைஞ்சிகீது, நிக்கல. வண்டி வருமான்னு கேட்டா, கெழவனுக்கும் தெர்லன்னே சொல்லு. பொய் சொல்லி பொண்ணு எடுக்க வாணாம். ஆனா சொல்லிடு, இன்னா?