ரஞ்சிதாவுக்குத் தெரிந்த பாஷை

மாமல்லபுரம் சாலையில் இருக்கும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் நானும் ரஞ்சிதாவும் பதினோரு வருஷமாக நர்ஸுகள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மழையில் நனைந்து, தலை கலைந்து வந்து நின்றாள். "இன்னாடி, குருவிக்காரி மாதிரி நிக்கிற? போய் தலைய வாரு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போய் வாரிக்கொண்டு வந்தாள். சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம் என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. பாசிமணி விற்கிற நரிக்குறவர்கள், அதான் குருவிக்காரர்கள், யாராவது வைத்தியத்துக்கு வந்தால் மட்டும் என்னை அனுப்பிவிடுவாள். சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன்.

போன மாசியில் ஒரு காலை, அப்படி ஒரு தம்பதி நாலு வயதுப் பெண்ணைத் தூக்கிவந்தார்கள். ஒரு தடவை வாந்தி. "பரோட்டா ஒத்துக்கல சார்" என்றான் அப்பன். குழந்தை நன்றாகத்தான் விழித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஆனந்தன் ஒரு ஊசி எழுதி, போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ரஞ்சிதாதான் ஊசியை எடுத்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள். அவர்களுடைய வாக்ரிபோலி, எழுத்து இல்லாத பாஷை. வெளியாளுக்குப் புரியாது என்ற தைரியம். எங்களுக்கும் புரியத்தான் இல்லை. ரஞ்சிதாவின் முகம் மட்டும் வெளுத்துப்போனது.

ஊசிகூட வேண்டாமென்று அவன் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான். ரஞ்சிதா ஓடிப்போய் மறித்தாள். வார்டே பார்க்க, அதே பாஷையில் சத்தமாக எதையோ கேட்டாள். தாய் அழுதுகொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, பிதுங்கிய டியூப் ஒன்றை நீட்டினாள். எலி பேஸ்ட். மணி கோர்க்கும் நூலை எலி கடிக்கிறதென்று வாங்கியதைக் குழந்தை தின்றிருக்கிறது. விஷம் என்றால் போலீஸ் தங்களைத்தான் பிடிக்கும் என்று அப்பன் பயந்திருக்கிறான்.

டாக்டர் டியூபை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு நாள் ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஈரலையே முடிச்சிரும்."

செங்கல்பட்டுக்கு ஆம்புலன்ஸில் ரஞ்சிதாவும் போனாள். மறுநாள் திரும்பி வந்தாலும் ஆறு நாளும் ஃபோனும் கையுமாகவே இருந்தாள். ஏழாம் நாள், பிழைத்துவிட்டது என்று ஃபோன் வந்தது.

அன்று மதியம் சாப்பிடும்போது, "எங்கிட்டகூட சொல்லலியேடி" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

ரஞ்சிதா டிபன் பாக்ஸை மூடினாள்.

"மொத நாளே சொல்லிடலாம்னுதான் வந்தேங்க்கா. அதுக்குள்ள நீ தலைய வாரச் சொல்லிட்ட."