பேண்டு வாத்தியார் அண்ணனின் வாசல் செம்பு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். அழுது எழுத எனக்கு வராது. அண்ணனுக்கும் அது பிடிக்காது. "மூக்கை உறிஞ்சுனா ஊத மூச்சு பத்தாது தாயி" என்பார். ஆகவே பெருமையாகவே எழுதுகிறேன். தங்கை பீற்றிக்கொள்கிறாள் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அண்ணன் கெங்குவார்பட்டியில் நிலம் உழும் சம்சாரிக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். ஆத்தா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அய்யாதான் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு எங்கள் இருவரையும் வளர்த்தார். அண்ணனை மதுரைக்குப் படிக்க அனுப்பினார். போன இடத்தில் பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் அண்ணன் கிளாரினெட் கற்றுக்கொண்டார். பெரியகுளத்தில், எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் படித்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிரில் வாத்தியார் வேலை கிடைத்தது. பேண்டும் அவர் பொறுப்பே. "தாலுகா ஆபீசுல உக்காருவான்னு பாத்தா, மேளக்காரனாட்டம் வந்து நிக்கிறான்" என்று அய்யா தலையில் அடித்துக்கொண்டார்.

பள்ளியில் வாத்தியங்கள் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் அண்ணன் சேர்த்துக்கொண்டார். ஒருவன் ஊதிய குழலைத் துடைத்து அடுத்தவன் ஊதுவான். இதுதான் வினையாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் திரண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போய் அண்ணனையும் அங்கே வரவழைத்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவர் யார் என்கிறீர்கள்? எங்கள் அய்யாவேதான்.

"ஏலே, கண்டவன் எச்சிலை நம்ம பிள்ளைக ஊதணுமா? தெருவுக்குத் தெரு தனிக்குழல் வையி."

"குழலுக்குள்ள போறது எச்சில் இல்லய்யா, காத்து. எச்சிலை விடுற பயலை நானே தோலை உரிச்சிருவேன்."

"அந்தக் காத்து எங்கனயிருந்து வருது? வாயிலருந்துதானலே?"

அய்யாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. ஆனால் அண்ணன் இறங்கி வரவில்லை. "பிரிச்சு வச்சா அது பேண்டே இல்ல சார். அப்படித்தான் வேணும்னா வேற ஆளைப் பாருங்க" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டார். சித்திரை கழியட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்றார் அவர். அண்ணனின் வேலையும் பேண்டும் அந்த ஒரு மாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

அன்று முதல் வீட்டில் அண்ணனுக்குத் தண்ணீர் குடிக்க அய்யா தனிச் செம்பு வைத்தார். அது வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. நாங்கள் எல்லோரும் தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்போம், வாய் வைக்கமாட்டோம். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் அந்தச் செம்பைப் பள்ளிக்கே கொண்டு போனார். ஊதி ஊதி உதடு காய்ந்த பிள்ளைகள் அதில் வாய் வைத்தே குடித்தார்கள்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அய்யா அக்கினிச்சட்டி எடுத்தார். எனக்கு அம்மை கண்டபோது நான் பிழைக்க வேண்டி நேர்ந்துகொண்டது. பேசி வைத்திருந்த மேளக்காரர்கள் வந்து சேரவில்லை. மேளமில்லாமல் சட்டி எடுப்பது எங்கள் வழக்கமில்லை. ஆற்றங்கரையில் சட்டியில் தீ வளர்ந்துவிட்டது. கையில் வேப்பிலை வைத்து அதை ஏந்திய அய்யா, நடக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நின்றார். திருவிழாவில் ஊதுவதற்காக அண்ணனும் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்.

"அய்யா, நாங்க ஊதவா?"

அய்யா அந்தப் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார்.

"கை சுடுதுலே. ஊதித் தொலை!"

பிள்ளைகளுக்குத் தெரிந்தது அணிவகுப்பு மெட்டு. அய்யாவின் நடைக்கு அது ஒட்டவில்லை, கால் தடுமாறியது. அண்ணன் பெரிய டிரம்மைத் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அய்யாவுக்கு எதிர்முகமாகப் பின்னோக்கி நடந்தபடியே அவர் காலைப் பார்த்து அடித்தார். கால் விழும் நேரம் அடி விழுந்தது. பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள், கூட்டம் வழிவிட்டது. கோயில் வாசல் வரை அய்யாவின் கை தாழவேயில்லை. ஆத்தாடி, அன்றைக்கு என் அண்ணனைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

சட்டியை இறக்கியதும் அய்யா நா வறண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் செம்பை நீட்டினார்.

"இதுல யாரு வாய் வச்சது?"

"எல்லாரும்தான்யா."

அய்யா வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்து, மடக்மடக்கென்று குடித்து முடித்தார். சித்திரை கழிந்ததும் அவரே தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார். "வாத்தியாரு சொன்னாக, கேட்டுக்கிருவோம் சார்" என்றாராம். வாத்தியாரு என்றது பெற்ற மகனை!

அதன்பின் எத்தனையோ பிள்ளைகள் அண்ணனிடம் ஊதப் பழகினார்கள். தனிக்குழல் என்ற பேச்சே எழவில்லை. சென்ற ஆண்டு மலைக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. கடைசி நாளிலும் கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

கண் துஞ்சாமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மழையில் நனைந்து கம்பம் ஊர்வரை போய் மருந்து கொண்டுவந்த நண்பர்களுக்கும், வாத்தியங்களோடு வந்து தங்கள் வாத்தியாரை வழியனுப்பிய பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. நினைவு நாளுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சேதி. அண்ணனின் செம்பு இப்போது வாசலில் இல்லை. அதை அய்யாவே நடுவீட்டில் தண்ணீர்ப் பானையின் மேல் வைத்திருக்கிறார். தாகமென்றால் யாராக இருந்தாலும் உள்ளே வந்து, எடுத்துக் குடியுங்கள். அண்ணாந்து மட்டும் குடிக்காதீர்கள். அய்யா பார்த்தால் ஏசுவார்.