இன்னும் ஆறேல்லை

இது நடந்தது. கூட்டிச் சொல்லிப் பயமுறுத்துகிற ஆள் அல்ல அமிர்தநாயகம். பேசாலையில் வாகனம் திருத்துகிறவர். எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். இதைச் சொன்னபோதும் எத்தனை பாகை சூடு என்ற கணக்கோடுதான் சொன்னார். நம்பாதவர்கள் ஒரு மத்தியானம் அவருடைய கராஜுக்குப் போய்ப் பார்க்கலாம். உள்ளே விடமாட்டார். ஆனால் கதவிடுக்கால் வெக்கை வெளியே வரும்.

அவருக்கு ஒரே தம்பி, வலன்ரைன். கார் றேஸ் ஓடினவன். ஏழு வருடத்துக்கு முந்தி தெற்கே ஒரு றேஸ் திடலில் ஓடிக்கொண்டிருந்தபோது காரின் டிஃபரன்சல் இறுகிவிட்டது. பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்புக் குடம் அது. பின்னால் உருளும் இரண்டு சில்லுகளுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்லுச்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் கிடக்கும். வீதியில் ஓட அந்த எண்ணெய் போதும். திடலில் வளைவுக்கு வளைவு முறுக்கி ஓடினால் எண்ணெய் சூடேறித் தண்ணீர்போலாகிவிடும். அதன்பிறகு இரும்பை இரும்பு தின்னும். அன்று பின்சில்லுகள் இரண்டும் ஒரே கணத்தில் பூட்டிக்கொண்டன. கார் உருண்டது. வலன்ரைனின் காறையெலும்பும் விலாவெலும்புகளும் முறிந்தன.

எலும்பு பொருந்தியதும் மறுபடி புறப்பட்டான். ஏப்ரலில் ஓட்டம்.

"போகாதை," என்றார் அமிர்தநாயகம்.

"நீங்கள் செய்து தந்தாலும் போவன் அண்ணை. தராட்டிலும் போவன்."

"அப்ப சவப்பெட்டிக்கும் இப்பவே சொல்லி வைக்கட்டோ?"

"உங்கடை அளவுக்குச் சொல்லுங்கோ. வீணாப் போகாது."

வலன்ரைனின் மனைவி செலீனா சிரிக்கவில்லை. அவன் உள்ளே போனபிறகு கராஜ் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அத்தான், அவரை நிப்பாட்ட ஏலாது. அந்தச் சாமானையாவது ஆற வையுங்கோ."

அதைத்தான் செய்தார். டிஃபரன்சலின் பின்மூடியைக் கழற்றி, செதில் வைத்த அலுமினிய மூடி போட்டார். பெரிய மோட்டார்சைக்கிள் ஒன்றின் எண்ணெய் குளிர்விக்கும் றேடியேற்றரைக் காருக்கடியில் காற்றுப் படும்படி கட்டினார். சூட்டெண்ணெயை அங்கே தள்ளிவிட ஒரு சின்ன பம்ப். ஹோஸ்கள் மேலே வந்து போவதற்காகப் பின்சீற்றைக் கழற்றித் தரையில் கையகலத் துவாரம் வெட்டினார். துவாரத்துக்குப் பக்கத்தில் இலக்கம் காட்டும் சூட்டு மீற்றர்.

ஓடிப் பார்த்தார்கள். நூற்றுநாற்பது. பம்பை மாற்றினார். நூற்றுநாற்பது. றேடியேற்றரை இன்னும் தாழ்த்திக் கட்டினார். நூற்றுமுப்பத்தொன்பது.

அது பெரிய வியாழன். சனி காலை லொறி வந்து காரை ஏற்றிக்கொண்டு போகும்.

மிச்சம் இருந்தது பெரிய வெள்ளி மட்டும். அன்று மன்னாரில் கோயில் மணி அடிக்காது. ஆணி அறையமாட்டார்கள். சுத்தியலைக் கண்ணில் படாமல் வைத்துவிடுவார்கள். அமிர்தநாயகமும் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் குளிர்விப்பைச் சோதிக்க உச்சி வெயில் வேண்டும். விரட்டி ஓட வெறும் வீதி வேண்டும். கத்தோலிக்கர் சிலுவைப்பாதையிலும் முஸ்லிம்கள் ஜும்மாவிலும் இருக்கும் அந்த நடுப்பகலில் இரண்டும் கிடைக்கும்.

"இண்டைக்கு இரும்பிலை கை வைக்காதேங்கோ அத்தான்," என்றாள் செலீனா.

"அவன் சாகாமல் இருக்க வேணுமெல்லே."

அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பாலத்தைக் கடந்தார்கள். அங்கிருந்து மறுகரையில் இருக்கும் தள்ளாடி வரை கடலுக்கு நடுவே ஒரே நேர்வீதி. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், தகரம்போல் மினுங்கியது. ஆள் இல்லை. கழுதைகூட இல்லை. வெளியே காற்று முப்பத்தாறு பாகை.

வலன்ரைன் ஹெல்மெற்றோடு ஓட்டினான். அமிர்தநாயகம் பின்னால் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கையால் ஹோஸைப் பிடித்திருந்தார். முகத்துக்கு நேரே துவாரம். அதற்குள் தார் வீதி கறுப்பாய் ஓடியது.

தள்ளாடி முனையில் காரைச் சுழற்றி நிறுத்தினான்.

"ஆறிட்டுதோ?"

"ஆறேல்லை. நூத்திமுப்பத்தெட்டு."

திரும்பி ஓடினான். பாலத்தடியில் நிறுத்தினான்.

"ஆறிட்டுதோ?"

"ஆறேல்லை."

மறுபடி. நூற்றுநாற்பத்திரண்டு. கருகிய எண்ணெய் மணந்தது. அமிர்தநாயகத்துக்குத் தெரிந்துவிட்டது. இனி மாற்ற எதுவும் இல்லை. நாளை இந்தச் சூட்டோடுதான் தம்பி போவான். இந்தச் சூட்டோடுதான் ஓடுவான்.

செபிக்கப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. கோயில் பீடங்களை வெறுமையாக்கி வைத்திருக்கும் நாள் அது. துவாரத்துக்குள் பார்த்துச் சொன்னார்.

"ஆராவது... இதை ஆற வையுங்கோ."

கார் விரைந்துகொண்டிருந்தது.

"ஆறிட்டுதோ?"

"ஆறேல்லை. வீதியைப் பாத்து ஓட்டு."

"என்ன அண்ணை?"

"கேட்டியெல்லே. ஆறேல்லை."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

அப்போதுதான் மணம் வந்தது. உப்புக் காற்றுக்கு நடுவே குளத்து மணம். தாமரையிலை, சேறு, நெல் வயலுக்குப் பாயும் தண்ணீர். கடலுக்கு நடுவே.

மீற்றரைப் பார்த்தார். நூற்றுப்பத்து.

எண்பது.

பம்பில் காதை வைத்தார். சத்தம் இல்லை. ஃபியூஸ் எரிந்து பம்ப் எப்போதோ நின்றுபோயிருந்தது.

ஐம்பது.

முப்பத்தாறில் நிற்க வேண்டும். காற்றால் ஆறுகிற எதுவும் காற்றைவிடக் குளிராகாது. இருபத்தைந்து வருடம் றேடியேற்றர் கட்டியவருக்கு அது தெரியும்.

முப்பது.

இருபத்துநாலு.

கையிலிருந்த ஹோஸ் சில்லிட்டது. அதன்மேல் நீர்த்துளிகள். ஒன்றை நாக்கில் வைத்தார். உப்பில்லை.

துவாரத்துக்குள் பார்த்தார்.

தார் வீதி ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் இரண்டு பாதங்கள். வெறும் பாதங்கள். நனைந்திருந்தன. காலில் வயல் சேறு. அவை ஓடவில்லை. நடக்கவில்லை.

நின்றன.

"ஆறிட்டுதோ..."

பெண் குரல். வயதான குரல். கெஞ்சும் குரல்.

அமிர்தநாயகத்தின் கண் மீற்றருக்கே திரும்பியது. இருபத்துநாலு. அந்த இலக்கம் அப்படியே நின்றால் சில்லு பூட்டாது. தம்பி உருளமாட்டான். யார் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் போய்விடுமோ என்றுதான் பயந்தார்.

"ஆறிட்டுதோ ராசா..."

"ஓம் அம்மா," என்றார். "ஆறிட்டுது."

தண்ணீர் தளும்பும் சத்தம். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைக்கும் சத்தம்.

பிறகு...

ஒன்றும் இல்லை. தார் மட்டும் ஓடியது.

வலன்ரைன் பாலத்தடியில் நிறுத்தி, வந்து மீற்றரைப் பார்த்தான். அண்ணனின் முதுகில் தட்டினான்.

"நீங்கள் ஆள் பொல்லாத ஆள்தான்."

அந்தக் கை குளிர்ந்திருந்தது.

பின்னேரம் செலீனா போர்வை தேடினாள். சித்திரை வெக்கையில் வலன்ரைன் குளிருது என்றான். இரவு இரண்டு போர்வை. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்தாள். பாதரசம் ஏறவே இல்லை. அமிர்தநாயகம் கராஜுக்குப் போனார். கார் ஒன்பது மணித்தியாலமாக ஓடவில்லை. இருபத்துநாலு. அடியில் தரை நனைந்திருந்தது.

சனி காலை அபூசாலி லொறியோடு வந்தார். எருக்கலம்பிட்டிக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். அந்த வீதியில் நாற்பது வருடம் ஓட்டியவர். காருக்கடியில் இருந்த ஈரத்தைக் கண்டார். குனிந்து மணந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"தள்ளாடிப் பக்கம் கொண்டு போனனீரோ தம்பி?"

"ஓம் காக்கா."

"மத்தியானமோ?"

"ஓம்."

அபூசாலி ஏற்றுப்பலகையை இறக்கவில்லை. லொறிப் படியில் உட்கார்ந்தார்.

"முந்தி அந்த வீதியிலை சாமான் ஏத்துற வான் ஒண்டு எரிஞ்சது. எப்பிடி எரிஞ்சது எண்டு கேளாதையும். ஓட்டினது உயிலங்குளத்துப் பொடியன். கதவு இறுகிப் போச்சு. தொட ஏலாத சூடு. தாய் வந்தா, சிவபாக்கியம் எண்டு பேர். அவ்வளவு தூரமும் குளத்துத் தண்ணியைக் குடத்திலை சுமந்துகொண்டு வந்தா."

"கடல் பக்கத்திலைதானே."

"நாங்களும் கேட்டம். உப்புத் தண்ணி பட்டா பிள்ளைக்கு எரியுமாம்."

ஹோஸிலிருந்து நாக்கில் வைத்த துளி அமிர்தநாயகத்துக்கு நினைவு வந்தது.

"வாற போற ஆக்களை எல்லாம் மறிச்சு, ஆறிட்டுதோ, பிள்ளையை எடுக்கட்டோ எண்டு கேட்டா. உள்ளுக்கை எடுக்க என்ன கிடக்கு? எல்லாரும் ஒண்டுதான் சொன்னம். இன்னும் ஆறேல்லை அம்மா. பொழுதுபடேக்கை குடத்துக்குப் பக்கத்திலேயே சரிஞ்சு கிடந்தா. அதுக்குப் பிறகு லொறிக்காரர் அந்த இடத்திலை சூட்டைப் பற்றிக் கதைக்கிறேல்லை. கேட்டாலும் ஆறேல்லை எண்டுதான் சொல்லுறது. ஆறிட்டுது எண்டா, வாகனத்துக்குள்ளை இருக்கிற பிள்ளையை எடுத்துக்கொண்டு போயிடுவா."

அபூசாலி நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் என்ன சொன்னனீர்?"

வீட்டுக்குள் செலீனா கத்தினாள்.

அமிர்தநாயகம் ஓடவில்லை வீட்டுக்கு. கராஜுக்குள் ஓடினார். றேடியேற்றரை வெட்டி எறிந்தார். அலுமினிய மூடியைக் கழற்றிப் பழைய மூடியைப் போட்டார். எண்ணெயை ஊற்றினார். தட்டில் சிரட்டைக் கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, டிஃபரன்சலுக்கடியில் தள்ளினார். மண்ணில் படுத்து ஊதினார்.

"ஆறேல்லை அம்மா. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இன்னும் ஆறேல்லை."

இருபத்துநாலு.

"தொட்டுப் பாருங்கோ. சுடுது."

இருபத்துநாலு.

கரி சீறியது. மேலேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட ஊதினார். உதடு வெந்தது. அபூசாலி கரிச் சாக்கை இழுத்துவந்து கொட்டினார்.

இருபத்தேழு.

முப்பத்திரண்டு.

முப்பத்தேழைத் தாண்டியபோது செலீனா வாசலில் நின்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தான், அவருக்கு வேர்க்குது."

கார் அந்த ஓட்டத்துக்குப் போகவில்லை. வலன்ரைன் எதற்கும் போகவில்லை. சாப்பிடுகிறான், வளவுக்குள் நடக்கிறான். றேஸ் பற்றிப் பேசுவதில்லை. ஆறு வருடமாக அந்தக் கார் கராஜுக்குள் நிற்கிறது. அடியில் எரியும் கரித்தட்டு. இரவில் அது அவியாமல் செலீனா பார்க்கிறாள். பகலில் அவர். ஒருமுறை மாரி மழையில் கரி நனைந்து அவிந்தது. அன்று வலன்ரைனின் நகங்கள் நீலமாகின.

காரை விற்கலாம், கடலில் தள்ளலாம் என்கிறவர்கள் உண்டு. கடலில் தள்ளினால் ஆறிவிடும்.

சில நடுப்பகல்களில் வீட்டுக்குள்ளிருந்து கேட்கும். வலன்ரைனின் குரல்தான்.

"ஆறிட்டுதோ..."

அந்த நேரம் அவன் நித்திரை என்கிறாள் செலீனா. பக்கத்திலேயே இருப்பாளாம். வாய் அசைவதில்லையாம்.

அமிர்தநாயகம் திரும்பிப் பார்ப்பதில்லை. கரியை ஊதுகிறார்.

"இன்னும் ஆறேல்லை அம்மா."