ஈரத்துணிப் புரட்சி

தில்லியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு அறிஞர்கள் வந்தால் அறை, கார், கொதிக்கவைத்த தண்ணீர், வயிறு கெட்டால் மாத்திரை, எல்லாம் என் பொறுப்பு. அவர்கள் பேசுவது என் பொறுப்பில் இல்லை. ஆனால் மைக்குக்கு பேட்டரி மாற்றுவதற்காகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் காதில் விழும்.

அந்த ஆகஸ்ட் மாதம் மூன்று நாள் கருத்தரங்கு. பல நாடுகளில் நடந்த புரட்சிகளையும், 'நான் உங்களில் ஒருவன்' என்று சொல்கிற ஒருவர் பின்னால் ஜனம் திரளும் வெகுஜன இயக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது விஷயம். வந்தவர்களில் இரண்டு பேரை மறக்கவே முடியாது. ஒருவர் பிரான்ஸ்காரர். விளக்குக் கம்பம் போல உயரம், புரட்சி அவருடைய துறை. இன்னொருவர் அர்ஜென்டினாவிலிருந்து வந்த அம்மையார். குட்டையான உருவம், பெரிய சிரிப்பு, வெகுஜன இயக்கம் அவருடைய துறை. மூன்று நாளும் மேடையில் சண்டை போட்டார்கள். மூன்று நாளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து குலாப் ஜாமூன் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

நான்காம் நாள் சனிக்கிழமை. ஊர் சுற்றிக் காட்ட என்னை அனுப்பியிருந்தார்கள். கோட்டைக்குப் போகலாமா, சரோஜினி நகரில் துணி வாங்கலாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே குரலில், "ஒரு போராட்டம் பார்க்க வேண்டும்" என்றார்கள்.

நாடாளுமன்றத்துக்குக் கொஞ்ச தூரத்தில் போராடுவதற்கென்றே ஒதுக்கிய தெரு இருக்கிறது. அங்கே கூட்டிப் போனேன். தெருவில் யாரும் இல்லை. ஒரு போலீஸ்காரர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வார விடுமுறை, யாரும் வரவில்லை, திங்கட்கிழமை வாருங்கள், நான்கு இருக்கிறது என்று இந்தியில் சொன்னார். ஞாயிறு இரவு அவர்களுக்கு விமானம். பிரான்ஸ்காரரின் முகம் வாடிப்போனது.

அந்த நேரம் பார்த்து எனக்கு போன் வந்தது. துவாரகாவில் எங்கள் குடியிருப்பில் நான்காவது மாடியில் இருக்கும் அக்கா. திருநெல்வேலிக்காரர். கணவருக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை.

"தங்கச்சி, எங்க இருக்க? கையெழுத்துப் போட்டுட்டு நீ மட்டும் காணாமப் போயிட்டியே. இங்க கொடி கட்டியாச்சு."

"ஆபீஸ் வேலைக்கா. வெளிநாட்டுக்காரங்களோட இருக்கேன்."

"அவங்களையும் கூட்டிட்டு வா. கூட்டம் கொறவாத்தான் இருக்கு."

விஷயம் இதுதான். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. அந்த மாதம் அவர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார்: சாலையைப் பார்த்த பால்கனிகளில் துணி உலர்த்தக்கூடாது, கட்டிடத்தின் அழகு கெடுகிறது. மொட்டை மாடியையோ சோலார் தகடு வைத்த நாள் முதலாகப் பூட்டியே வைத்திருந்தார். ஆகஸ்டில் தில்லியின் காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். துணிகளை ஃபேனுக்கு அடியில் போட்டோம். காயவில்லை, நாறியது. அக்காவின் கணவர் யூனிஃபார்மோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொள்கிறாராம். ஒரு நாள் மேலதிகாரி, வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். அக்கா அன்றைக்கே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். சனிக்கிழமை காலை எல்லோரும் ஈரத்துணியோடு தலைவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் பார்க்குக்கு வருவது என்று முடிவானது.

போனை வைத்ததும் என்ன விஷயம் என்று கேட்டார்கள். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அம்மையார் அப்போதே காரில் ஏறிவிட்டார்.

வழியெல்லாம் பின் சீட்டில் சண்டை. புரட்சி என்றால் நாற்காலியில் இருப்பவனை மட்டுமல்ல, நாற்காலியையே தூக்கி எறிவது என்றார் பிரான்ஸ்காரர். முதலில் 'நாங்கள்தான் மக்கள், அவர்கள் மக்களே இல்லை' என்று யாராவது சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான் என்றார் அம்மையார். டிரைவர் என் பக்கம் சாய்ந்து, "மேடம், புருஷன் பொண்டாட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, இது அவர்களுடைய தொழில் என்றேன். அச்சா என்று தலையாட்டிவிட்டு ஹார்ன் அடித்தார்.

பார்க்கில் பாட்மின்டன் கம்பத்திலிருந்து வேப்பமரம் வரைக்கும், வேப்பமரத்திலிருந்து சறுக்குமரம் வரைக்கும் நைலான் கயிறு. அதில் எங்கள் குடியிருப்பே தொங்கிக்கொண்டிருந்தது. சேலை, சல்வார், பள்ளிச் சீருடை, படுக்கை விரிப்பு. தமிழில் இதற்கும் கொடி என்றுதான் பெயர், கட்சிக்காரர்கள் தூக்குவதற்கும் கொடி என்றுதான் பெயர் என்று அவர்களுக்கு விளக்கப் பார்த்தேன். நேரம் போதவில்லை. அம்மையார் அதற்குள் ஒரு கயிற்றின் முன்னால் போய் நின்றுவிட்டார். அந்தக் கயிறு முழுக்க ரோஸ் நிறம். பனியன், தலையணை உறை, வேட்டி, எல்லாம்.

"ஒரு நாட்டில் ஆரஞ்சு நிறம், இன்னொரு நாட்டில் ரோஜாப் பூ என்று புரட்சிக்கு அடையாளம் வைப்பார்கள். இவர்கள் ஏன் இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? கேட்டுச் சொல்லுங்கள்."

அக்காவிடம் கேட்டேன்.

"தேர்ந்தெடுக்கவா? பக்கெட்டுல ஒரு சிவப்பு துப்பட்டா கெடந்திருக்கு, நான் பாக்கல. சாயம் போயிட்டு."

"யாரும் திட்டமிடவில்லை, நிறம் தானாகவே பரவியது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பொய் இல்லை. அம்மையார் குறிப்பேட்டில் 'தன்னெழுச்சி' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

பிரான்ஸ்காரர் ஒரு பைஜாமாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் நாட்டில் புரட்சி செய்த ஏழைகளுக்குக் கால்சட்டையை வைத்துத்தான் பெயரே வந்தது என்றார். பணக்காரர்கள் முழங்கால் வரைக்கும் பட்டுக் கால்சட்டை போடுவார்கள். அது இல்லாதவர்கள் என்று இவர்களுக்குப் பெயர். அம்மையார் விடவில்லை. தன் நாட்டில் தலைவர் பின்னால் திரண்ட தொழிலாளிகளுக்குச் சட்டையில்லாதவர்கள் என்று பெயர், முதலில் அது வசவு, பிறகு பெருமை என்றார். கால்சட்டை இல்லாமைக்கும் சட்டை இல்லாமைக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு பேரும் ஈரத் துண்டுகளுக்கு நடுவில் நின்று வாதாடினார்கள்.

"என்ன சொல்லுதாங்க?" என்றார் அக்கா. சொன்னேன்.

"நம்ம ஆளுகளுக்குச் சட்டையும் இருக்கு, பேன்ட்டும் இருக்கு. காயப்போடத்தான் எடம் இல்ல. இதையும் எழுதச் சொல்லு."

இதை ஒரு வார்த்தை மாற்றாமல் மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு எழுதினார்கள். ஒரு வாதத்தில் அவர்கள் ஒத்துப்போனதை நான்கு நாளில் அப்போதுதான் பார்த்தேன்.

தலைவர் வெளியே வருகிற மாதிரி தெரியவில்லை. அர்ஜென்டினாவில் இந்த மாதிரி சமயத்தில் காலிப் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டுவோம் என்றார் அம்மையார். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அக்காவுக்கு மட்டும் தயக்கம்.

"நல்ல பாத்திரம்னா நெளிஞ்சிரும்லா. இரு, அந்தப் பழைய வடிதட்ட எடுத்துட்டு வாரேன்."

அவர் வருவதற்குள் பி பிளாக்கிலிருந்து ஒருவர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்றார். கறுப்புச் சாயம் பூசிய மீசை, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைக் குர்த்தா. அதை எங்கே காயப்போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நான் தலைவன் அல்ல, உங்கள் வீட்டுப் பிள்ளை என்று இந்தியில் ஆரம்பித்தார். இது துணிக்கான சண்டை அல்ல, நமக்கும் அந்தக் கமிட்டிக்கும் நடக்கும் சண்டை. நான் வந்தால் வீட்டுக்கு வீடு இலவசமாகத் துணிக் கிளிப். எல்லோருக்கும் நிழலில் பார்க்கிங். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அம்மையார் என் முழங்கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "இவர்தான்" என்றார். "இவரைப் பற்றித்தான் நான் புத்தகம் எழுதினேன்."

வடிதட்டுச் சத்தம் கேட்டதும் தலைவர் வெளியே வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் குறிப்பெடுப்பதைப் பார்த்ததும் நடை தளர்ந்துவிட்டது. என்னைத் தனியாக அழைத்தார்.

"மேடம், இவங்க யாரு?"

"ஒருத்தர் பிரான்ஸ், ஒருத்தர் அர்ஜென்டினா சார்."

"இதுக்காகவா வந்திருக்காங்க?"

"ஆமா சார், போராட்டம் பார்க்கணும்னு வந்தாங்க."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். துடைத்தபடியே கயிற்றைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது கயிற்றில் நீலக் கோடு போட்ட ஒரு பைஜாமா தொங்கியது. காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் பால் வாங்க வருவார். குடியிருப்பில் எல்லோருக்கும் அது தெரியும். பைஜாமாவுக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி கையில் கிளிப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"நீயுமா?" என்றார் தலைவர்.

"நம்ம வீட்லயும் ஈரம்தானே ஜி" என்றார் அந்த அம்மா.

பிரான்ஸ்காரர் குனிந்து என் காதில், எல்லாப் புரட்சியிலும் அரண்மனைக் காவலர்கள் கட்சி மாறும் ஒரு நிமிடம் உண்டு, நூலகத்தில் மட்டும்தான் இதுவரை படித்திருக்கிறேன் என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். சுற்றறிக்கை உத்தரவு அல்ல, வெறும் ஆலோசனைதான். மொட்டை மாடிச் சாவி இனிமேல் காவலாளியிடம் இருக்கும், யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நம் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு சமோசா வருகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். நாற்காலியில் நின்றவர் கீழே இறங்கி, இது என் வெற்றி என்று ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கிச் சொன்னார்.

"அப்படியானால் நீங்கள் பதவி விலகுகிறீர்களா?" என்று பிரான்ஸ்காரர் ஆசையோடு கேட்டார்.

"நோ நோ, எனக்கு மார்ச் வரைக்கும் இருக்கிறது" என்றார் தலைவர்.

சமோசா வருவதற்குள் மழை வந்துவிட்டது. ஜல்தி ஜல்தி என்று யாரோ கத்த, மொத்த ஜனமும் கயிற்றின் மேல் பாய்ந்தது. அக்கா வடிதட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். பிரான்ஸ்காரர் இரண்டு கையிலும் உள்பாவாடைகளை அள்ளிக்கொண்டு, எந்த வீடு என்று தெரியாமல், முதலில் திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தார். அது தலைவருடைய வீடு. யாருடைய துணி யார் கைக்குப் போனது என்று ஒரு வாரத்துக்கு எங்கள் வாட்ஸாப் குழுவில் படம் படமாக வந்துகொண்டிருந்தது. ரோஸ் பனியன்களுக்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. அக்காகூட வாய் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து இரண்டு பேரும் தாங்கள் எழுதிய கட்டுரைகளை எனக்கு அனுப்பினார்கள். பிரான்ஸ்காரருடையதில் எங்கள் பார்க் பாதியில் நின்றுபோன புரட்சி. அம்மையாருடையதில் அது அசலான வெகுஜன இயக்கம். மொட்டை மாடியில் அக்கா துணி உதறும்போது இரண்டையும் தமிழில் சொன்னேன்.

"எம் பேரு போட்டிருக்கா?"

"இல்லக்கா. 'தென்னிந்தியப் பெண் ஒருவர்'னு போட்டிருக்கு."

"ரெண்டு பேரும் மழைய எழுதலியே" என்றார் அக்கா. தேடிப் பார்த்தேன். உண்மைதான், எழுதவில்லை.

மார்ச்சில் சங்கத் தேர்தல் வந்தது. அக்காவை நிற்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். நானும் போய்க் கேட்டேன்.

"எனக்கு வேண்டியது காஞ்சிட்டு. பெறவு என்னத்துக்கு எலெக்ஷன்?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பி பிளாக்காரர்தான் ஜெயித்தார். பார்க்கிங்கும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. கிளிப் வந்தது. வீட்டுக்கு ஒரு டஜன், பச்சைப் பிளாஸ்டிக், ஒவ்வொன்றிலும் மீசையோடு அவருடைய படம். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் முறுகி, தொட்டால் உடைகிறது. எங்கள் வீட்டில் ஏழு மிச்சம் இருக்கிறது. என் கணவர் நல்ல சட்டைக்கு மட்டும் அதைப் போடாதே என்கிறார்.